பதினேழாம் தொட்டி

கோட்டுக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, இரண்டு விரலைத் தண்ணீருக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு சோயாச் செடியின் அடித்தண்டைப் பிடித்துப் பார்க்கிறார் வைத்தியரம்மா. பட்டம் எதுவும் வாங்கியவர் அல்ல. ஆராய்ச்சிப் பண்ணையின் பசுமைக்குடிலில் இருபத்திரண்டு வருடமாகத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். செடிக்கு நாடி பார்க்கிறார் என்று உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் அது. அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அங்கே வேலையே செடியை மூழ்கடிப்பதுதான். மண்ணுக்கு மேல் இரண்டு விரல் உயரம் தண்ணீர், பதினான்கு நாள். வேருக்கு மூச்சு முட்டும், வளர்ச்சி நிற்கும், இலை மஞ்சளாகும். தாங்குகிற ரகத்தின் விதை, மழைத் தண்ணீர் தேங்கும் வயல்களுக்குப் போகும். தாங்காதது குப்பைக்குழிக்கு. தண்ணீரை அளக்க அவருக்கு ஓர் அளவுகோல் கொடுத்திருக்கிறார்கள். அதில் முதுகு சொறிந்துகொள்வார்.

காய்கறிக் கடையிலும் விரல் சும்மா இருக்காது. "அக்கா, அது கீரைக்கட்டு. நாடி பாத்து, வாங்குறவங்களைப் பயமுறுத்தாதீங்க" என்பார் கடைக்காரர். வீட்டுச் செடிக்குக் கணவர் ஒரு குவளை கூடுதலாக ஊற்றிவிட்டால் போதும். "அங்கதான் மூழ்கடிக்கிறேன்னா, இங்க நீங்க வேறயா?" என்று சண்டைக்கு வந்துவிடுவார்.

இந்த விரல் பழக்கம் ஒரு தப்பில் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இலை மஞ்சளானால் செத்தது என்று நினைத்து ஒரு வரிசையையே பிடுங்கிக் குழியில் போட்டார். கடைசிச் செடியைப் போடும்போதுதான் பார்த்தார். அடித்தண்டு உப்பித் தோல் வெடித்து, பஞ்சு போல வெள்ளையாக ஏதோ பிதுங்கியிருந்தது. அதையொட்டிப் புது வேர்கள் கொத்தாக இறங்கியிருந்தன. தண்ணீருக்குள் இருக்கும் வேருக்கு மேலிருந்து காற்றை இறக்கச் செடியே போட்டுக்கொண்ட வழி அந்தப் பஞ்சு என்று பிறகு சொன்னார்கள். "பொழைக்க வழி பண்ணிக்கிட்டிருந்ததை நான் பிடுங்கிட்டேன்" என்று இன்றைக்கும் சொல்வார். அப்போது மட்டும் முகத்தில் சிரிப்பு இருக்காது.

அதனால்தான் போன வாரம் பதினேழாம் தொட்டிக்காக வாயைத் திறந்தார். பதினான்காம் நாள் காலை. ஆராய்ச்சியாளர் மேடம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இலைகளுக்கு மதிப்பெண் போட்டு வந்தார். பதினேழுக்குக் குழிக்கான சிவப்புச் சீட்டு ஒட்டினார். அந்த ரகத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரே தொட்டி. அதுவும் போனால் ரகமே போயிற்று.

"மேடம், தண்டைத் தொட்டுப் பாத்தேன். உப்பியிருக்கு."

"இலையே போச்சே அக்கா. இனிமே என்ன இருக்கு?"

"இலையை நம்பி நான் ஒரு தடவை ஏமாந்தாச்சு. தண்ணியை வடிச்சுட்டு நாலு நாள் குடுங்க. துளிர் வரலைன்னா நானே குழியில போடறேன்."

மேடம் சீட்டை எடுக்கவில்லை. ஆனால் நாலு நாள் கொடுத்தார்.

வைத்தியரம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டைக்கூடப் பதினேழின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் இரண்டு இலை உதிர்ந்தபோது மறுபடி தண்டைத் தொட்டுப் பார்த்தார். நான்காம் நாள் காலை, நுனியில் விரல் நகம் அளவுக்கு மூன்று இலைகள், மடிப்புக்கூடப் பிரியாத பச்சை. ஐம்பத்து நாலு வயதில், ஈரத் தரையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேடத்தின் அறைக்கு ஓடினார். அத்தனை சந்தோஷம் அவருக்கு.

"வந்துடுச்சு மேடம். வந்து பாருங்க, வந்துடுச்சு."

மேடம் வந்தார். குனிந்து பார்த்தார். சிவப்புச் சீட்டை உரித்துக் கசக்கினார். பிறகு கோட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டு, "எங்க தொடணும் அக்கா?" என்று கேட்டார்.

வைத்தியரம்மா அவர் விரலைப் பிடித்து மண்ணோடு ஒட்டி, உப்பலின் மேல் வைத்தார். மேடம் அப்போதும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியரம்மா அவருடைய மூக்குக்கண்ணாடியை மெதுவாகக் கழற்றித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.