டோலினாவின் பெருமூச்சு

சால்மன் மீன் ஆலையில் டோலினா எனக்கு எதிரே நின்றுதான் மீன் வெட்டுவாள். எங்கள் ஸ்காட்லாந்துத் தீவு ஊரான ஸ்டோர்னோவேயில் கேலிக் மொழிப் பாட்டுக்கு அவள் குரலை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் கணவர் மர்டோ பக்கவாதத்தில் விழுந்த பிறகு அவள் பாடுவது குறைந்துபோனது. ஆலையில் மணி அடித்தாலும் அவளுக்கு வேலை ஓயாது. வீட்டில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ஓட்ஸ் கஞ்சி ஊட்ட வேண்டும்.

மர்டோவின் தம்பி ஈவர் எலெக்ட்ரீஷியன். கணினியில் தாளம் உண்டாக்குவதில் பைத்தியம். கம்பளித் துணியை அடித்துப் பதப்படுத்தும்போது பெண்கள் பாடிய பழைய பாட்டுகளை அந்தத் தாளத்தோடு சேர்த்து ஓர் ஆல்பம் போடலாம், வந்து பாடுங்கள் என்று அண்ணியை நச்சரித்தான்.

"என் குரல்லயே மீன் வாடை அடிக்கும்டா," என்றாள்.

"அடிக்கட்டும் அண்ணி. நீங்க வந்து பாடுங்க, போதும்."

வேலை முடிந்த சாயங்காலங்களில் போய்ப் பாடிவிட்டு வந்தாள்.

ஆல்பம் வந்ததும் ஊர் மண்டபத்தில் ஆட்டம் வைத்தார்கள். மூன்றாவது பாட்டில் டிரம்முக்குப் பதிலாக ஏதோ ஒரு மூச்சு, விட்டு விட்டு இரைந்தது. டோலினா ஈவர் பக்கம் திரும்பினாள்.

"டேய், அது நான் விட்ட பெருமூச்சுதானே?"

"பாடி முடிச்சதும் விட்டீங்க அண்ணி. அப்படி ஒரு தாளம் எனக்கு எங்கயும் கிடைக்கல."

"நான் செத்துப் பிழைச்சு விட்ட மூச்சுல ஊரே ஆடுதா?"

அதற்குள் எங்கள் ஆலைப் பெண்கள் இடுப்பில் கைவைத்து, தாளத்துக்குத் தாளம் சேர்ந்து பெருமூச்சு விட ஆரம்பித்துவிட்டார்கள். "இது என் முதுகுவலிக்கு!" என்று கத்தினாள் பெகி. டோலினா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

குளிர்காலத்தில் கிளாஸ்கோ இசைவிழாவுக்கு அழைப்பு வந்தது. மர்டோவைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸை ஏற்பாடு செய்துவிட்டு அவளும் ஈவரும் கிளம்பினார்கள். துணைக்கு நான். கப்பல், பிறகு நாள் முழுக்கப் பேருந்து. விடுதியில், "கொஞ்சம் முதுகைச் சாய்க்கிறேன்டி," என்று கோட்டைக்கூடக் கழற்றாமல் படுத்தாள்.

அன்று இரவு நிகழ்ச்சிக்கு ஈவர் அழைக்க வந்தபோது வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"எழுப்பாதே."

"அக்கா, சனம் காத்துக்கிட்டிருக்கு."

"அவ குரல்தான் உன் மெஷின்ல இருக்கே. அதை வச்சு சமாளி."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் போனான்.

விடிந்துதான் விழித்தாள். ஈவர் மெஷினை வைத்தே கச்சேரியை முடித்துவிட்டதைச் சொன்னேன். "இவ்வளவு தூரம் தூங்கவாடி வந்தேன்?" என்று சீறினாள். திரும்பும் வழியெல்லாம் என்னோடு பேசவே இல்லை. கப்பலில் தீவு கண்ணுக்குத் தெரிந்தபோதுதான், "மர்டோவை நேரத்துக்குப் புரட்டிப் போட்டிருப்பாங்களா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே, இறங்குவதற்குத் தயாராகக் குளிர்க் கையுறைகளை மாட்டத் தொடங்கினாள்.