அம்மாவின் கைக்காக வாங்கிய பாய்லர்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் சும்மா வாங்கப்பட்டதில்லை. தீர்மானம் போட்டுத்தான் வாங்குவோம். அப்பா மிஷன் ஆரம்பப் பள்ளியில் தலைமையாசிரியர். ஆனால் அவர் பெரிதாக நினைத்தது சபைக் கமிட்டியின் செயலாளர் பதவியைத்தான். வருடக்கணக்கில் கமிட்டிக்கு மினிட்ஸ் எழுதிய பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சாயங்காலம் குடும்ப ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டும் முன், "வேறு காரியங்கள் உண்டா?" என்று கேட்பார். ஓடு மாற்றுவது, கோழிக்கூடு கட்டுவது, எனக்குப் பெண் பார்ப்பதைத் தள்ளிப்போடுவது எல்லாம் அந்த நேரத்தில்தான் முடிவாகும். பெரியப்பா முன்மொழிவார். அவர் உபதேசியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பெரியம்மா இறந்தபின் எங்களோடு வந்து தங்கிவிட்டவர். நான் வழிமொழிவேன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் கிளார்க். அம்மா அந்த நேரத்தில் அடுக்களையில் இருப்பாள்.

அம்மா சிவகாசியில் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். அவள் காலமெல்லாம் பிரசவ வார்டிலேயே போயிற்று. எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் பாதிப் பேரை இந்த உலகத்தில் முதலில் தொட்டது அவள் கைதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் கை அவள் சொல் கேட்காமல் போயிற்று. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. கணுக்கள் வீங்கி விறைத்து நிற்கும். சேலைக்கு ஊக்கு மாட்டக்கூட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். வெயில் ஏறியபின் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வரும். ஆனால் வெயில் ஏறட்டும் என்று எந்தப் பிள்ளையும் பிறக்காமல் காத்திருப்பதில்லை.

ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா நல்லவர். நேராகவே சொல்லிவிட்டார். "டூட்டிக்கு வர்றதுக்கு முன்னால தினமும் அரை மணி நேரம் முழங்கை வரைக்கும் வெந்நீர்ல வைங்க. புது வருஷம் பிறந்ததும் நான் கையைப் பார்ப்பேன். அப்பவும் விரல் மடங்கலைன்னா லேபர் வார்டு வேண்டாம், துணி ஸ்டோருக்கு மாத்திருவோம்."

துணி ஸ்டோர் என்பது துவைத்து வந்த துண்டையும் போர்வையையும் மடித்து அடுக்கும் அறை. சம்பளம் குறையாது, நிற்கவும் வேண்டாம். வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அம்மா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "துண்டு மடிக்கவா நான் படிச்சு வந்தேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

கையை வெந்நீரில் வைப்பது என்ன பெரிய காரியம் என்று தோன்றும். எங்கள் ஊரில் தண்ணீர் பொதுக் கிணற்றிலிருந்து குடம் குடமாக எண்ணி வருவது. அடுப்பில் ஒரு பானை வெந்நீர் போட்டால் முதலில் காப்பிக்குப் போகும், பிறகு பெரியப்பாவின் சவரத்துக்குப் போகும், மிச்சம் அப்பாவின் தொண்டைக்கு உப்புப் போட்டுக் கொப்பளிக்கப் போகும். அம்மாவின் கைக்குப் பானைதான் மிஞ்சும். பாய்லர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதன் கதை வேறு.

சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மிஷனரி அம்மாள் வீட்டுச் சாமான்களை விற்றபோது அப்பா வாங்கி வந்த செம்புப் பாய்லர் அது. அதில் காய்ந்த தண்ணீரில் ஒரு பிஷப் குளித்திருக்கிறார் என்பது அப்பாவின் கட்சி. பிஷப் குளித்த காலத்தில் அது ஒழுகாமல் இருந்திருக்க வேண்டும். எங்களிடம் வந்தபின் அடியில் ஓட்டை விழுந்து, உள்ளே ஊற்றிய தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கீழே எரிகிற நெருப்பை அணைத்துவிடும். ஈயம் வைத்துப் பார்த்தோம். சோப்பையும் சணலையும் பிசைந்து அடைத்தோம். தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டும் பசையை வாங்கி வந்து பெரியப்பா தடவிப் பார்த்தார். பாய்லர் தன் நெருப்பைத் தானே அணைத்துக்கொண்டு சுகமாக இருந்தது.

அதை மாற்றும் பிரச்சினை ஜெபப் பாய்க்கு வந்தது. நாலு வாரம் நடந்தது. முதல் வாரம் அப்பா, பிஷப் குளித்த பாய்லரைத் தள்ளுவது நன்றிகெட்டதனம் என்றார். இரண்டாம் வாரம் பெரியப்பா, "பளசாப் போச்சுன்னு தள்ளுறதுன்னா என்னையுந்தான் தள்ளணும்" என்று கண் கலங்கினார். அவரைச் சமாதானப்படுத்துவதில் அந்த வாரம் போயிற்று. மூன்றாம் வாரம் அப்பா என் பக்கம் திரும்பி, "ஏலே, நீ என்ன சொல்லுத?" என்றார். நான் ஆபீசில் கற்றுக்கொண்ட ஒரே வித்தையைக் காட்டினேன். "பார்த்துச் செய்யலாம்" என்றேன்.

அடுக்களையிலிருந்து அம்மா சொன்னாள்: "எனக்கு ஒரு வாளி வெந்நீர் போதும்."

"அதை அடுத்த கூட்டத்துல எடுத்துக்கிடுவோம்" என்றார் அப்பா.

நாலாம் வாரம் தீர்மானம் நிறைவேறியது. "நமது சகோதரியின் கைநோவை முன்னிட்டு" என்று தொடங்கியது அது. அப்பாவுக்கு மினிட்ஸ் நோட்டில் யாரானாலும் சகோதரிதான். சாமான் பார்த்து வர மூன்று பேர் கொண்ட உபகமிட்டி ஒன்றும் போட்டார்கள். வீட்டில் ஆண்கள் மூன்று பேர் என்பதால் தேர்தல் தேவைப்படவில்லை.

ஒரு சனிக்கிழமை விருதுநகருக்குப் பஸ் ஏறினோம். அம்மாவுக்கு டூட்டி. பஜாரில் மிளகாய் நெடிக்குத் தும்மிக்கொண்டே ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரரிடம் அப்பா தீர்மானத்தை முழுதாக ஒப்பித்தார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு சின்னப் பாய்லரை இழுத்து முன்னால் வைத்தார்.

"கைக்கு ஒத்தடம்னா இதே போதுங்க. நாலு கரியைப் போட்டா கொதிச்சிரும். அம்மாவே ஒத்தக்கையால தூக்கிக்கிடலாம்."

பரீட்சையில் தவறிய பையனைப் பார்ப்பதுபோல் அப்பா அதைப் பார்த்தார். கடையின் மூலையில் என் மார்பு உயரத்துக்கு இன்னொன்று நின்றது. ஏதோ விடுதிக்காக ஆர்டர் எடுத்துச் செய்து, அவர்கள் வாங்காமல் விட்டதாம். இருபது பேர் குளிக்கலாம் என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டில் நாலு பேர்.

"நாளைக்குப் பிரசங்கம் பண்ண ஊழியக்காரர் நாலு பேர் வந்து தங்குனா?" என்றார் அப்பா. பெரியப்பா முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன். கடைக்காரர் சின்னப் பாய்லரைப் பார்த்துக்கொண்டே பெரியதற்கு ரசீது போட்டார். பணம் அம்மாவின் சம்பளம். அதைத் தீர்மானத்தில் யாரும் சேர்க்கவில்லை.

மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் பஸ் கூரையில் ஏறி அது சிவகாசி வந்தது. அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பித்தளைக் குழாயைத் திருகிப் பார்த்தாள். அது அசையவில்லை. "இதத் திறக்கவே ஒரு நல்ல கை வேணும்போல" என்றாள். அப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். பழைய பாய்லரை எடைக்குப் போட அவருக்கு மனம் வரவில்லை. அது முற்றத்து மூலைக்குப் போயிற்று. பிஷப்பின் பாய்லரில் கோழி அடைகாத்தது.

புதியதில் உடனே வெந்நீர் போட்டிருக்கலாம். எங்களுக்கு அப்படிச் செய்து பழக்கமில்லை. முருங்கையின் முதல் காய், கோழியின் முதல் முட்டை, என் முதல் மாதச் சம்பளம் எல்லாமே முதற்பலனாகச் சபைக் கோயிலுக்குப் போனவை. காணிக்கையாக வந்த காயையும் முட்டையையும் ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். வெந்நீரின் முதற்பலனை என்ன செய்வது என்று அப்பா இரண்டு நாள் யோசித்தார். கோயிலுக்குத் தூக்கிப்போய் ஏலம் விடுவதற்குள் ஆறிவிடும். கடைசியில் ஐயரே வந்து குளித்துவிடட்டும் என்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

ஐயர் துண்டும் சோப்புப் பெட்டியுமாக வந்தார். கமிட்டிக்காரர்களும் வந்தார்கள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து வாங்கிய குச்சிக் கழிவை ஒரு கூடை போட்டு அம்மா பாய்லரைப் பற்றவைத்தாள். ஐயர் பிரதிஷ்டை ஜெபம் பண்ணினார். நெருப்பு வருகிற வசனங்களைச் சொல்லி முடித்துத் தண்ணீர் வருகிற வசனங்களுக்கு அவர் போனபோது, மூடியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் கொதித்து வழிந்தது. பிறகு குளித்தார். தாராளமாகவே குளித்தார். வெளியே வந்து, "நல்ல பாய்லர், ஆவிக்குரிய பாய்லர்" என்றார். அவருக்குப் பின் கமிட்டிக்காரர்கள் மரியாதைக்கு ஆளுக்கு ஒரு வாளி குளித்தார்கள். எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு அம்மா வேலைக்குப் போனாள். அன்று கையை எதிலும் வைக்கவில்லை.

மறுநாளிலிருந்து, பாய்லர் நின்ற குளியலறையின் கதவில் அட்டவணை தொங்கியது. அப்பாவின் அழகான தலைமையாசிரியர் கையெழுத்து. வயதின்படி முதலில் பெரியப்பா. பதவியின்படி அடுத்தது அப்பா. மூன்றாவது நான். பட்டாசு மருந்து ஒட்டும் வேலை என்பதால் எனக்கு அந்தச் சலுகை. என் கம்பெனியில் உடம்பெல்லாம் வெள்ளிப் பொடியாக வீடு திரும்பிய கூலிக்காரர்கள் உண்டு. நான் ஆர்டர் காகிதத்தைத் தவிர எதையும் தொட்டதில்லை. இருந்தாலும் சலுகையை வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலாவது வரியில் "பிறகு" என்று எழுதியிருந்தது.

பாய்லர் வறண்டால் அடி தீய்ந்துவிடும். அதனால் ஒரு வாளி எடுத்தவன் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று விதி. ஆளுக்கு மூன்று வாளி எடுத்தோம். விதிப்படி மூன்று வாளி ஊற்றினோம். நாலு மணிக்கு எழுந்து பற்றவைத்த அம்மா ஆறேகாலுக்கு உள்ளே போகும்போது தண்ணீர் கிணற்றில் இருந்த நிலைக்கே வந்திருக்கும். ஆறரைக்கு அவள் கிளம்ப வேண்டும். "கை எப்படி இருக்கு?" என்று அப்பா அன்றாடம் கேட்பார். பதில் வருவதற்குள் மினிட்ஸ் நோட்டுக்குள் போய்விடுவார்.

இதற்குள் பாய்லரின் பெயர் பரவிவிட்டது. எம். புதுப்பட்டிப் பக்கம் கூட்டம் நடத்த வந்தவர்கள்கூட எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். மூன்று நாள் கூட்டத்துக்கு வந்த ஒரு பிரசங்கியார் பத்து நாள் இருந்தார். கார்த்திகையும் மார்கழியும் அவர்களைப் பக்தியிலும் வெந்நீரிலும் ஆழமாக நடத்தின. அட்டவணையில் விருந்தாளிக்கு முதலிடம் வந்தது. "பிறகு" இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. வார்டில் ஒருநாள் அம்மாவின் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி விழுந்ததாம். இதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. வேறொரு நர்ஸ் கோயிலில் என்னிடம் சொன்னார். மறுநாள் காலையில் எப்போதும்போல மூன்று வாளி குளித்தேன்.

புது வருஷம் பிறந்த முதல் வாரம், ஒரு சாயங்காலம், ஜெபம் முடிந்து அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டபோது அம்மா அடுக்களையிலிருந்து வந்து பாயில் உட்கார்ந்தாள். இதற்கு முன் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நாளைக்கு டாக்டரம்மா கையப் பாக்குறாக. காலையில மொதத் தண்ணி எனக்கு வேணும். மத்தவுக யாரும் எடுக்கக் கூடாது."

அப்பா சங்கடமாக விருந்தாளியைப் பார்த்தார். புது வருஷக் கூட்டத்துக்கு வந்திருந்த பிரசங்கியார் ஒருவர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதிகாலை ஜெபத்துக்கு அவர்தான் பேச வேண்டும். "நாளைக்கு ஒருநாள் போகட்டும். நாளை மறுநாளிலேருந்து வச்சுக்கிடுவோம்" என்றார் அப்பா. பெரியப்பா முன்மொழிந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வழிமொழிந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

காலை ஐந்து மணிக்கு நாங்கள் நாலு ஆண்களும் தோளில் துண்டோடு முற்றத்தில் நின்றோம். பிரசங்கியார் முகத்தில் சோப்பு நுரை வேறு. குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. புகை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஆவி வந்தது. உள்ளே வாளியில் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது.

"உள்ள யாரு?" என்றார் அப்பா. வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஆள்.

"நான்தான்."

"பிரசங்கியார் நிக்கிறாக."

"நிக்கட்டும்."

பெரியப்பா இருமினார். பிரசங்கியாரின் நுரை காய ஆரம்பித்தது. அப்பா என்னைப் பார்த்தார். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கதவருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஜெபத்துக்கு மணி அடிச்சிருவாக. இன்னும் எம்புட்டு நேரமாகும்?"

"விரல் மடங்குற வரைக்கும்."

கோயில் மணி அடித்து ஓய்ந்தது. பிரசங்கியார் துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டு குளிக்காமலே போனார். நாங்கள் மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம். தண்ணீர் ஊற்றும் சத்தம், நிறுத்தம், மறுபடி ஊற்றும் சத்தம். அவசரமே இல்லை.

கதவு திறந்தபோது அம்மாவின் இரண்டு கைகளும் முழங்கைவரை சிவந்திருந்தன. நேராக அப்பாவிடம் வந்து, வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி இறுக மூடினாள். அப்பா பயந்து ஓரடி பின்னால் போனார். அது அவரை அடிப்பதற்காக ஓங்கிய கை இல்லை, மடங்கிய விரல்கள்தான் என்று அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.