படகில் ஏறிய வாழைப்பழம்

மோகிஹானாவின் புதிய படப் புத்தகத்தில் நான் பல்லியாக வருகிறேன். மீன்குளத்தைக் காக்கும் பல்லிப் பெண், பெரிய தெய்வம், மரியாதையான வேஷம் என்று சமாதானம் சொன்னாள். வாலை விட்டுவிட்டுப் பார்த்தால் என் முகமேதான். எங்கள் ஊரான கெகாஹாவில் அவள் கண்ணில் பட்டு முகம் தப்பியவர்கள் கிடையாது.

காலையில் எங்கள் மழலையர் பள்ளி வேனை ஓட்டுவாள். பிள்ளைகள் இறங்கியதும் அதே இருக்கையில் உட்கார்ந்து படம் வரைவாள். பள்ளியில் சமையல் என் பொறுப்பு. வாசலைத் தாண்டிவிட்டால் ஹவாய் மொழி தவிர வேறு பேச்சு கூடாது. ஆனால் அந்த மொழியில் பிள்ளைகளுக்குப் புத்தகம் குறைவு. இருப்பவற்றையும் படித்து, கிழித்து, சிலதை மென்றும் முடித்துவிட்டார்கள். அதனால்தான் இவள் எழுத ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஒரு குறை உண்டு. முப்பத்து நான்கு வயதில் வகுப்புக்குப் போய்ப் படித்த மொழி அவளுடையது. அவள் அக்கா கபுவாவின் கணவர், மீன் பிடிக்கும் ஏனோகாவுக்கோ நீஹாவ் தீவில் தாய்ப்பாலோடு வந்தது.

"நான் எழுதுறது எழுதுறேன். ஆனா பிள்ளைங்க காதுல முதல்ல விழறது அத்தான் குரலா இருக்கணும். என் வாயில வந்தா பாடம் மாதிரி இருக்கும்" என்பாள். குளம் கட்டிய முதல் மீனவனுக்கு ஏனோகாவின் முகத்தையே வைத்தாள். புத்தகம் வெளியிடும் சனிக்கிழமை பள்ளியில் விருந்து வைத்து, அவர் படிப்பதாக ஏற்பாடு.

தப்பு நடந்தது எட்டாம் பக்கத்தில். நீலம் தூக்கலாகிவிட்டதாம், கொஞ்சம் மஞ்சள் வேண்டுமாம். மீனவனின் படகில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வரைந்து வைத்துவிட்டாள். எங்கள் ஊரில் நாலு வயதுப் பிள்ளைகூடச் செய்யாத காரியம். பழம் ஏறின படகில் மீன் ஏறாது. மீன் பிடிக்கப் போகிறேன் என்றுகூட இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, மீன் காதில் விழுந்துவிடும். "சும்மா ஒரு சுத்து போயிட்டு வரேன்" என்றுதான் கிளம்புவார்கள். இருநூறு பிரதி அச்சாகி வரும்வரை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். என் கவனமெல்லாம் வால்மேல் இருந்தது.

முதல் பிரதியை ஏனோகாவிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து மூன்று வாரம் அவருக்கு ஒரு மீன் சிக்கவில்லை.

"என் மூஞ்சிய வரைஞ்ச, சரி. என் மூஞ்சிக்குப் பக்கத்துல பழத்த வரைஞ்சா மீன் எப்படி வரும்? மீன் வர்ற வரைக்கும் இத நான் வாயால படிக்க மாட்டேன்."

"அத்தான், அது காகிதப் படகு."

"மூஞ்சி என்னோடதுதானே?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதை அவர் எதிரில் சொல்ல எனக்கு ஆசைதான், தைரியமில்லை.

கடைசியில் பழத்தை நாயாக்குவது என்று முடிவானது. கபுவா, நான், மோகிஹானா, பிள்ளைகள் எல்லாரும் தூரிகையோடு உட்கார்ந்தோம். என் நாய் பன்றி மாதிரி வந்தது. ஒரு பெண்பிள்ளை நாய்க்குப் பதில் என்னையே வரைந்திருந்தாள், வாலோடு. எல்லாப் பிரதியிலும் பழம் மறைந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஏனோகா கடலுக்குப் போனார். மதியம் வெறும் பெட்டியோடு திரும்பினார். "நாய் வேஷம் போட்டாலும் உள்ள இருக்கிறது பழந்தானே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மோகிஹானா வேனுக்குள் உட்கார்ந்து அழுதாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. புத்தகங்களை மறுபடி எண்ணினேன். நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

"இன்னொண்ணு எங்கடி?"

"அத்தான்கிட்ட. தொலைஞ்சு போச்சுன்னார்."

"எங்க வீட்டுல இல்ல" என்றாள் கபுவா. "ஆனா படகுத்துறையில எல்லாருக்கும் அந்தக் கதை தெரிஞ்சிருக்கு. எப்படின்னுதான் புரியல."

அது படகில்தான் இருக்கிறது என்று மூவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. அப்புறம் வேன் படகுத்துறைக்குப் பறந்தது.

படகின் இருக்கைக்கு அடியில், மிதவைச் சட்டைக்குள், இரண்டு பிளாஸ்டிக் பைகளில் பொதிந்து புத்தகம் இருந்தது. மற்றப் பக்கங்கள் புத்தம் புதுசு. எட்டாம் பக்கத்தில் மட்டும் எண்ணெய்க் கைரேகை, ஊரிலுள்ள அத்தனை மீனவர்களுடையதும். முகத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் சீப்பு பளபளவென்று இருந்தது.

ஏனோகாவை எழுப்பிக் கூட்டிவந்து மோகிஹானா புத்தகத்தை நீட்டினாள். சுற்றிலும் ஏழெட்டு மீனவர்கள்.

"அத்தான், படகுல பழம் ஏத்துனது நானா, நீங்களா?"

ஏனோகா தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"மூஞ்சி நல்லா வந்திருந்துச்சு" என்றார். "எங்க தீவுல எங்கப்பனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. இது அவர் மாதிரியே இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

சனிக்கிழமை அவர் கடலுக்குப் போகவில்லை. விருந்துக்கு மீன் இல்லாததால் நான் டின் இறைச்சியும் 'போய்' என்கிற சேப்பங்கிழங்குக் கூழும் வைத்தேன். அவர் படிக்கப் படிக்கப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். மோகிஹானா வாசலில் நின்று அழுதாள், மறைக்கவே இல்லை. பல்லிப் பெண் வந்ததும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நானும் வாலை ஆட்டுவதுபோல் இடுப்பை ஆட்டிவைத்தேன்.

அவருடைய பிரதியில் மட்டும் நாய் வரைய அவர் சம்மதிக்கவில்லை. நாயின் காது அப்பாவின் தாடையை மறைத்துவிடுமாம். அது இப்போது வீட்டுச் சுவரில், கடலிலிருந்து பத்திரமான தூரத்தில், எட்டாம் பக்கம் திறந்தபடி மாட்டியிருக்கிறது.