துபாய்க்கு எத்தனை மணி நேரம்

பத்தாவது வரைதான் படித்தேன். நான் எழுத உட்கார்ந்ததே அதிகப்படி என்று எனக்கே தெரிகிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

என் தம்பி துபாயில் வேலை செய்கிறான். போன ஆறு வருடத்தில் ஒரே முறைதான் வந்தான். வரவும் போகவும் நான்கு நாள் பயணத்திலேயே போய்விடும் என்பான். நடுவில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும், அங்கே காத்துக் கிடக்க வேண்டும் என்பான். நம்பினேன். கோலார் தங்க வயலிலிருந்து பெங்களூருக்குப் பதினெட்டு வருடம் ரயிலில் வேலைக்குப் போய் வந்தவள் நான். நூறு கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம். பங்காருப்பேட்டையில் மாறுவதும், சிக்னலுக்காக வழியில் நிற்பதும் தினப்படி. அந்தக் கணக்கில், கடல் தாண்டிய ஊருக்கு இரண்டு நாள் குறைவாகவே தோன்றியது. விமானத்தை நான் வானத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் அம்மா குழாயடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கோலாரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் எழுந்து நடப்பதே சந்தேகம் என்றார் டாக்டர். மகன் பக்கத்தில் நிற்காமல் உள்ளே போகமாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். தம்பிக்குப் போன் செய்தேன். மூன்று நாள்தான் லீவு, அது வழியிலேயே தீர்ந்துவிடும் என்றான். அதை அப்படியே அம்மாவிடம் விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். மூன்றாம் நாள், "நீ சொன்னா சரிதான்" என்று அம்மா ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பார்க்க வந்தாள். அவளும் துபாயில்தான் இருக்கிறாள், நர்ஸ் வேலை. விடிகாலை கிளம்பியதாகச் சொன்னாள். முந்தின நாள் விடிகாலையா என்று கேட்டேன்.

"இன்னிக்குத்தாங்க்கா. நாலு மணி நேரம் ஃப்ளைட்டு. பெங்களூர் டிராபிக்லதான் லேட்டு."

நடுவில் மாற வேண்டாமா என்றேன். சிரித்துவிட்டாள்.

"மாறுறதுக்கு அது இன்னா பங்காருப்பேட்டையாக்கா?"

போனில் காட்டினாள். இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சொச்சம். நேராக வரும் விமானங்கள் வரிசையாக இருந்தன.

வராந்தாவுக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டேன். நான்கு மணி நேரம்தானாமே என்றேன்.

"யாருக்கா சொன்னது?" என்றான்.

இல்லை என்று அவன் சொல்லவே இல்லை. இப்போது கிளம்பினாலும் காலையில் ஆபரேஷனுக்கு முன் அம்மா பக்கத்தில் நிற்கலாம் என்று கெஞ்சினேன்.

"நான் வந்து இன்னாக்கா பண்ணப்போறேன்? அதான் நீ இருக்கியே."

ஆறு வருடமாக அவனுடைய பொய்யை அம்மாவிடம் எடுத்துச் சொன்னவள் நான். நான் சொன்னால் அம்மா கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

உள்ளே போனதும், தம்பி என்ன சொன்னான் என்று அம்மா கேட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான் என்றேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன் நடந்தது. சம்மதப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.