யாக்-38 தெரிந்தவனுக்கு ஒரு கதிரை

பிரெஞ்சு பேசுகிற லொங்குய் நகரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலை கேட்கப் போன நான், நேர்முகத்தில் இருபது நிமிடம் சோவியத் போர் விமானமொன்றைப் பற்றி விரிவுரை நடத்தினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

அது 2004. ஏழு வருடம் உணவகத்தில் நின்றபடி கோப்பை கழுவியதில் முழங்கால்கள் இரண்டும் என்னோடு கோபித்துக்கொண்டிருந்தன. எனக்குப் பதவி எதுவும் வேண்டாம். கதிரையில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று வேண்டும். செயின்ட்-மிஷேலில் எங்கள் மேல்வீட்டுத் தம்பி, தான் ‘பிளேன் செய்யிற இடத்தில்’ வேலை பார்ப்பதாக ஞாயிறு பூசைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அவர்தான் அங்கே என் பெயரைக் கொடுத்தவர்.

“அண்ணை, கேட்டதுக்கெல்லாம் ‘வீ’ எண்டு ஓம் போட்டால் காணும். வேற ஒண்டும் கதைக்காதேங்கோ,” என்று மெட்ரோவில் நாலு தரம் சொன்னார்.

மேலாளர் மரியாதையான மனிதர். சனிக்கிழமை வர முடியுமா என்றார். “வீ” என்றேன். விமானங்கள் பிடிக்குமா என்றார். அதற்கும் “வீ” என்றுவிட்டு வாயை மூடியிருக்கலாம். ஆனால் சோவியத் போர் விமானங்கள் பற்றி நூலகத்தில் இரவல் எடுத்த தடித்த புத்தகம் ஒன்றை ஒரு மாதமாக பஸ்ஸில் படித்திருந்தேன்.

பாதி பிரெஞ்சிலும் மீதி கையாலும் யாக்-38ஐக் கப்பல் தளத்திலிருந்து நேர்மேலே எழுப்பினேன். விமானிக்குப் பின்னால் இரண்டு சிறிய எஞ்சின்கள். எழும்பவும் இறங்கவும் மட்டும் உதவும், நடுவானில் வெறும் சுமை. வெப்பமான கடலில் அது திணறும். ஆயுதத்தைக் குறைத்தால்தான் கிளம்பும். அதிக தூரமும் போகாது. ஒரு பக்கம் கூடுதலாகச் சரிந்தால், விமானியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கதிரையே அவரை வெளியே எறிந்துவிடும்.

இதை விளக்க என் கதிரையைச் சரித்துக் காட்டினேன். மேலாளர் எழுந்து கதவைத் திறந்து, “மெர்சி” என்று நன்றி சொன்னார்.

மறுநாளும் நின்றுகொண்டுதான் கழுவினேன்.

ஒரு வாரம் கழித்துத் தம்பியைப் படிக்கட்டில் பிடித்தேன்.

“வேற ஆளை எடுத்திட்டினம் அண்ணை. ‘வீ’யைத் தவிர அவர் ஒண்டும் சொல்லேல்லையாம்.”

“நான் சொன்னதில ஏதும் பிழையோ?”

“பிழையில்லை.” மேலும் கீழும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “பூசைக்கு வாற சனத்துக்குச் சொல்லிப்போடாதேங்கோ. நாங்கள் அங்க செய்யிறது பிளேன் கக்கூஸ் கதவுக்குக் கொண்டி.”