விட்டுக்கொடுத்த கேள்வி

உள்ளறையிலிருந்து டொக் டொக்கென்று சத்தம் வந்தது. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் சுநயனா, யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் பித்தளைச் செம்பால் கட்டில் காலைத் தட்டுவாள்.

முன்னறையில் அவள் கணவர் துனாய் ஜா வாதத்தை நிறுத்தினார். எதிரே வெற்றிலையைக் குதப்பிக்கொண்டிருந்த நண்பர் பச்சு மிஸ்ரர், "நீ ஜெயிச்சதைக் கேட்டுட்டாப்பா. வா, போய்ப் பார்க்கலாம்" என்று கிசுகிசுத்தார்.

துனாய் ஜாவின் கண்கள் கலங்கின. கடவுள் உண்டென்று அவர் வாதாடி அவள் கேட்பது இதுதான் முதல் முறை.

மிதிலையில் தர்க்கம் சொல்லித்தரும் வாத்தியார்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 'கடவுள் இல்லை' என்பவன் கட்சியைத் துனாய் ஜா அளவுக்கு உக்கிரமாய்ப் பேச ஆளில்லை. எதிராளியின் கட்சியை அவனைவிடப் பலமாக முதலில் பேசிவிட வேண்டும். அதுதான் அங்கே பாட முறை. பேசுவது வாத்தியார், பதில் சொல்வது மாணவர்கள். கல்யாணமான நாளிலிருந்து, "கடவுளை எவன்டா பார்த்தான்?" என்று அவர் கர்ஜிப்பது மூங்கில் தட்டியைத் தாண்டி அடுப்படியில் சுநயனாவுக்குக் கேட்டது. பதில்களோ பையன்களின் தடுமாறும் குரலில் வந்தன. பாவம், அவள் பையன்களையா நம்புவாள்? புருஷனை நம்பினாள்.

வைத்தியர் கைவிரித்த அன்று கேட்டாள்: "போற இடத்துல எனக்காக யாரும் இருக்க மாட்டாங்கதானே? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் ஓடிப்போய்ப் பக்கத்து ஊரிலிருந்து நண்பரை அழைத்து வந்தார்.

"நீ இல்லைன்னு பேசு மிஸ்ரா. நான் உண்டுன்னு பேசறேன். அவளுக்குக் கேக்கணும்."

"நல்லாயிருக்கே! காலமெல்லாம் நீ பேசின வம்பை இன்னிக்கு நான் பேசணுமா? கெண்டை மீன் குழம்பு வச்சாத்தான் பேசுவேன்" என்று சிரித்த மிஸ்ரர், நண்பரின் முகத்தைப் பார்த்ததும் வாதத்துக்கு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது இருவரும் உள்ளே போனார்கள். சுநயனா மிஸ்ரரைத்தான் பார்த்தாள்.

"அண்ணா, குடம்னு ஒண்ணு இருந்தா அதைச் செஞ்ச குயவன் இருக்கணும், அதுமாதிரி உலகத்தைச் செஞ்சவரும் இருக்கணும்னு இவர் சொன்னார். நீங்க உடனே ஒத்துக்கிட்டீங்க. குயவனுக்குக் கை இருக்கு, உடம்பு இருக்கு. உலகத்தைச் செஞ்சவருக்கு உடம்பு ஏதுன்னு ஏன் கேக்கலை? இவர் தினமும் கேப்பாரே."

"மறந்துட்டேன் தங்கச்சி."

"நீங்களா மறப்பீங்க? எனக்காக விட்டுக்கொடுத்துட்டீங்க."



"அதுக்கும் பதில் இருக்கு சுநயனா!" துனாய் ஜா பதறினார். "ஏன்னா..."

"ஏன்னா வேண்டாங்க." மெலிந்த விரல்கள் அவர் கையைத் தேடிப் பிடித்தன. "இருக்கார்னு மட்டும் சொல்லுங்க. காரணமெல்லாம் வேண்டாம். நீங்க சும்மா சொன்னாப் போதும், நான் நிம்மதியாப் போயிடுவேன்."

ஒரே ஒரு சொல். காரணமில்லாமல் பேசியவர்களையெல்லாம் சபை நடுவே சிரித்துத் தலைகுனிய வைத்த வாய் அது. இன்று எப்படிச் சொல்லும்?

"இருக்கார்" என்றார். அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதற்குள், அவரையும் மீறி, பாழாய்ப்போன அந்தப் பழக்கம் நாக்கில் வந்து நின்றது.

"ஏன்னா..."

சுநயனா கண்களை மூடிக்கொண்டாள். பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

மிஸ்ரர் குடையை எடுத்துக்கொண்டார். "நான் வரேம்மா" என்றார். அவள் கண் திறக்காமலே தலையசைத்தாள். அவர் வெளியே போய்ச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.