ஒற்றைப் புள்ளி போல்ட்டும் எங்கள் அண்ணனும்

இந்த நினைவு மலரை வாங்கியதும் அட்டையில் இருக்கும் அண்ணனின் படத்தைப் பார்த்து, "நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டு, பைக்குள் போட்டுக்கொண்டு பந்திக்குப் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் எத்தனையோ வீடுகளில் அதைத்தான் செய்திருக்கிறேன். இந்த ஒரு முறை தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். உங்கள் வீட்டிலோ, உங்களுக்குத் தெரிந்தவர்கள் வீட்டிலோ படகு இருந்தால் கட்டாயம் படியுங்கள். அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாள் ஐப்பசியில் வந்து நிற்கிறது. அந்த மாதத்தில் கடல் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் பிறந்தது கருங்குழியில். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் எங்கள் இருவரையும் வளர்த்தார்கள். அண்ணன் டர்னர் வேலை படித்து, மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் லேத் என்னும் கடைசல் இயந்திரம் ஓட்டப் போனார். எங்கள் வம்சத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அவருடைய கம்பெனிச் சட்டையை அம்மா கல்லில் அடித்துத் துவைக்கவே மாட்டார்கள். பிறகு செங்கல்பட்டில் சின்னதாக வீடு கட்டி, பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய லேத் ஒன்றை வாங்கி வைத்தார். "எனக்கு வூடு கட்டிக் குடுத்துட்டு அவரு கொட்டாய்ல குடியிருக்காரு" என்று அண்ணி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

நான் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு மீனவக் குடும்பத்தில் விரும்பித் திருமணம் செய்துகொண்டபோது இரு பக்கத்து உறவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அண்ணன் மட்டும் ஒரு பை நிறையப் பழத்தோடு பஸ் ஏறி வந்தார். "எல்லாரும் கோவத்துல கீறாங்க பாப்பா. அதுக்கு நான் இன்னா செய்றது? எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி" என்றார். அன்று முதல் அவரும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்று அழைக்காத நாள் இல்லை. அந்தப் பாசத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

எங்கள் படகில் இருந்தது பழைய டீசல் இன்ஜின். அதைப் படகோடு பிடித்து வைக்கும் நான்கு போல்ட்டுகளில் ஒன்று அறுந்துவிட்டது. அந்த இன்ஜின் துளையின் திருகு மரை கடைகளில் கிடைக்கும் எந்த போல்ட்டோடும் சேரவில்லை. "ஊரெல்லாம் சுத்திட்டேன் மச்சான், ஒரே பேஜாரா கீது" என்று என் வீட்டுக்காரர், மிஞ்சிய போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போய் அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கடைல இல்லன்னா போவட்டும். மரை வெட்ற டையே நாம செஞ்சுக்கலாம்" என்றார்.

டை என்பது நடுவில் துளையுள்ள எஃகு வட்டு. துளையின் உள்ளே பற்கள் இருக்கும். கம்பியை அதற்குள் திருகினால் மரை விழும். அண்ணன் பழைய போல்ட்டின் மரையை அளந்து, அதே இடைவெளியில் லேத்தில் ஒரு திருகு வெட்டினார். அதைக் கொண்டு எஃகு வட்டில் பற்களை வெட்டினார். வட்டைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார். அப்படியே விட்டால் பற்கள் கண்ணாடி மாதிரி உடைந்துவிடும் என்பதால் வைக்கோல் நிறம் வரும் வரை மறுபடி மெல்லச் சூடாக்க வேண்டும். அதற்கு அண்ணியின் தோசைக்கல்லை எடுத்துக்கொண்டார். ஒரு வாரம் அந்த வீட்டில் தோசையெல்லாம் இன்ஜின் ஆயில் வாசம் அடித்ததாக அண்ணி இன்றும் சொல்வார்.

முதல் நான்கு போல்ட்டுகளும் எங்கள் படகுக்கு. கையில் சதுரக் கம்பிதான் இருந்தது, அதனால் அவற்றுக்குத் தலை சதுரம். தன் கைவேலை என்பதற்கு அடையாளமாகத் தலையில் ஒரே ஒரு புள்ளி குத்தினார். தானே செய்த நட்டில் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு போனது. இன்ஜினில் பூட்டியபோது என் வீட்டுக்காரர் ஸ்பானரைத் திருப்ப முடியாமல் மூச்சு வாங்கினார். "இன்னா இறுக்கம் மச்சான்! ஜென்மத்துக்கும் கழலாது" என்று கரையில் நின்றபடியே போன் செய்தார். அண்ணன் சிரித்த சிரிப்பு பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

அந்த இறுக்கத்தின் புகழ் குப்பம் குப்பமாகப் பரவியது. அதே மாடல் பழைய இன்ஜின் வைத்திருந்தவர்கள் மாமல்லபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் செங்கல்பட்டுக்கு வந்தார்கள். அண்ணன் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார், இந்த முறை ஆறுபட்டைத் தலையோடு. யாருக்கு எத்தனை என்று எழுதி வைக்கவில்லை.

ஒரு நாள் பக்கத்துக் குப்பத்துப் படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. நடுக்கடலில் இன்ஜின் ஒரு பக்கமாகக் கழன்று தொங்கி, படகைக் கவிழ்க்கப் பார்த்திருக்கிறது. படகுக்காரர் அந்த போல்ட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே வந்தார். "அண்ணாத்த, உங்கள கொற சொல்ல வர்ல. ஆனா இது இன்னான்னு பாரு" என்று நீட்டினார். நுனியில் இரண்டு சுற்று மரை மட்டும் வழிக்கப்பட்டிருந்தது. மீதியெல்லாம் புதுசு போலவே இருந்தது. அண்ணன் அதைப் பார்த்தவர் லேத்தை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பழைய போல்ட்டை இன்ஜின் பல வருடம் இழுத்து உலுக்கியதில் அது மயிரிழை அளவு நீண்டு, மரைகளின் இடைவெளியும் அகன்றுபோயிருந்தது. அந்த நீட்சியையும் சேர்த்து அண்ணன் அச்சு அசலாக நகல் எடுத்துவிட்டார். அவருடைய நட்டும் அதே அளவில் செய்தது, அதனால் அதில் சரியாகப் போனது. இன்ஜினின் துளையிலோ இரண்டு சுற்று மட்டுமே பிடித்தது, மற்ற சுற்றுகள் சும்மா நெருக்கிக்கொண்டு நின்றன. ஊரே மெச்சிய இறுக்கம் அதுதான். இதை அவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "நான் டை செய்யல மச்சான், எமன செஞ்சுட்டேன்" என்றார்.

அந்த டையைச் சம்மட்டியால் உடைத்தார். இந்த முறை அந்தப் படகுக்காரரின் இன்ஜினையே கொட்டகைக்குக் கொண்டுவரச் செய்து, அதன் துளையை அளந்து புது டை செய்தார். அதில் வெட்டியவற்றுக்கு இரண்டு புள்ளி. நெஞ்சு வலிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அலையக் கூடாது என்று சொல்லியும் கேட்காமல், பையில் போல்ட்டுகளைச் சுமந்துகொண்டு குப்பம் குப்பமாகப் போனார். சிலர் மாற்றிக்கொண்டார்கள். பலர், "நல்லாத்தானே கீது, சும்மா இரு அண்ணாத்த" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

எங்களுடைய நான்கும்தான் அவரை அரித்தன. விஷயம் தெரிவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் அந்த இன்ஜினை ஒரு புரோக்கரிடம் விற்றுப் புதிது வாங்கியிருந்தார். தெற்கே யாரோ வாங்கிப் போனார்கள் என்பதற்கு மேல் புரோக்கருக்குத் தெரியவில்லை. இப்போது அவருடைய போனும் போவதில்லை. அண்ணன் கடலூர் வரை கரையோரமாகத் தேடிப் போனார். திரும்பி வந்த மறுநாள் மருத்துவமனையில் சேர்த்தோம். வாயிலிருந்த குழாயை எடுத்த கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது பாப்பா?"

"வாடக் காத்துதான்ண்ணா."

"அந்த நாலு..." என்றார். அதற்குப் பிறகு எங்களிடம் பேசவில்லை.

சாவு வீட்டுக்குக் குப்பத்து ஆட்கள் மாலையோடு வந்தார்கள். மாலை போட்டுவிட்டு, ஒவ்வொருவராக மடியிலிருந்து ஒற்றைப் புள்ளி போல்ட்டுகளை எடுத்து அண்ணனின் காலடியில் வைத்தார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியவர்களும் அதில் இருந்தார்கள். கருங்குழி உறவினர்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். அண்ணன் பயந்ததைவிடக் குவியல் பெரிதாக இருந்தது. எல்லோரும் போன பிறகு நானும் அண்ணியும் அதை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தோம். எல்லாமே ஆறுபட்டைத் தலை.

அண்ணனைத் தோளில் சுமந்தவர்களுக்கும், பதினாறு நாளும் அண்ணியைத் தனியாக விடாமல் கூட இருந்த பெண்களுக்கும், இறுதிச் செலவில் பங்கெடுத்த கம்பெனி நண்பர்களுக்கும், தாமதமாகவேனும் போல்ட்டைக் கழற்றிய படகுக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. இன்னும் ஒரே ஓர் உதவி வேண்டும். இந்த மலரைத் தெற்கே போகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். சதுரத் தலையில் ஒற்றைப் புள்ளி உள்ள நான்கு போல்ட்டுகளைப் பார்த்தால் அந்தப் படகைக் கடலில் இறக்க விடாதீர்கள். அவற்றுக்கு மாற்றாக இரண்டு புள்ளி போட்ட நான்கை அண்ணன் வெட்டி, எண்ணெய்த் துணியில் சுற்றி, கொட்டகை அலமாரியில் வைத்திருக்கிறார். எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்பானரை வைத்துப் பார்த்துவிட்டு, நன்றாக இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இறுக்கமாகத்தான் இருக்கும்.